எல்லை ஆற்றில் எந்த மாநில உரிமம் செல்லும்? அமெரிக்க மாநிலங்களின் பரஸ்பர மீன்பிடி உரிம ஒப்பந்தங்கள்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதற்கான உரிமத்தை ஒன்றிய அரசு வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் நீர்நிலைகளுக்குத் தானே உரிமம் விற்கிறது, தானே விதி வகுக்கிறது, மீறினால் தானே அபராதமும் விதிக்கிறது. மாநில எல்லைகளோ பல இடங்களில் ஆற்றின் நடுவிலும் அணைகட்டித் தேக்கிய ஏரியின் குறுக்கிலும் ஓடுகின்றன. காற்று தள்ளிக்கொண்டு போகும் படகு ஒரே காலைப்பொழுதில் பலமுறை எல்லையைக் கடந்துவிடும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் அண்டை மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, குறிப்பிட்ட எல்லை நீர்நிலைகளில் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன.

மினியாபொலிஸ், போர்ட்லாந்து, டாலஸ் போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் பலர் கோடை வார இறுதிகளில் குடும்பத்தோடு தூண்டில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். "இந்த லைசென்ஸ் ரெண்டு ஸ்டேட்டுக்கும் செல்லும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை அடிக்கடி கேட்கலாம். அது பாதி உண்மைதான். ஒப்பந்தத்தால் அண்டை மாநிலம் முழுவதும் உங்களுக்குத் திறந்துவிடுவதில்லை. ஒரு நீர்த்துண்டு மட்டுமே திறக்கிறது. அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் கரையில் நின்று பிடிக்கலாமா, படகில் இருந்து மட்டுமா, எந்த மாநிலத்தின் விதி பொருந்தும் என்பவற்றை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுபவை என்பதால், இங்கே படித்ததை அந்தந்த மாநிலம் வெளியிடும் நடப்பாண்டு விதிக்கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதற்படி: எல்லைக்கோடு உண்மையில் எங்கே ஓடுகிறது என்று அறியுங்கள்

ஆறு எல்லையாக இருந்தால் கோடு நட்டநடுவில் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே மிசிசிப்பி ஆற்றில் அது ஏறத்தாழச் சரி. முதன்மை நீரோட்டத்தை ஒட்டியே எல்லை செல்கிறது. ஆனால் வேறு பல ஆறுகளில் எல்லை ஒரு கரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

ஒஹாயோ ஆறு இதற்கு மிகத் தெளிவான சான்று. கென்டக்கி 1792-ல் தனி மாநிலமானபோது ஆற்றின் பெரும்பகுதி அதன் வசமே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அணைகள் எழுந்து நீர்மட்டம் உயர்ந்ததும், எல்லை இப்போதைய வடகரையா, பழைய வடகரையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1792-ஆம் ஆண்டில் வடகரையில் நீர் எந்தத் தாழ்மட்டத்தில் நின்றதோ அதுவே எல்லை என்று 1980-ல் தீர்ப்பு வந்தது. அந்தக் கரை இன்று நீருக்கடியில் இருக்கிறது. எந்தத் தூண்டில்காரராலும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கனெக்டிகட் ஆற்றில் வெர்மான்ட் பக்கத்துத் தாழ்நீர் மட்டம் வரை நியூ ஹாம்ப்ஷயருக்கே சொந்தம் என்று 1933-ல் தீர்ப்பானது. பொடோமாக் ஆற்றிலோ, 1632-ஆம் ஆண்டின் அரசப் பட்டயத்தைக் காட்டி மேரிலாந்து தென்கரை வரை உரிமை கொண்டாடுகிறது. ஆகவே கனெக்டிகட் ஆற்றில் வெர்மான்ட் கரையில் நின்று வீசினாலும் உங்கள் தூண்டில் முள் விழும் நீர் நியூ ஹாம்ப்ஷயருடையது.

இந்த வரலாறு வெறும் தகவல் அல்ல. கோடு ஆற்றின் நடுவில் இருந்தால் ஒப்பந்தம் இரு மாநிலத்தாருக்கும் ஏறக்குறையச் சமமான சலுகை. கோடு ஒரு கரையில் ஒட்டியிருந்தால், ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் ஒரு மாநிலத்தார் தம் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றிலேயே வெளியாராகிவிடுவார்கள். அத்தகைய ஆறுகளில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லும் கனம் பெறுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒப்பந்தம் எவ்வகை என்று பிரித்தறியுங்கள்

எல்லா ஒப்பந்தங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. முழு ஏற்பு என்பது முதல் வகை: இரு மாநில உரிமங்களில் எது இருந்தாலும் குறிப்பிட்ட நீர்நிலை முழுவதும் செல்லும். ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் சவானா ஆற்றிலும், அதன் மேல் அமைந்த ஹார்ட்வெல், ரஸ்ஸல், கிளார்க்ஸ் ஹில் முதலிய ஏரிகளிலும் இவ்வாறு ஒப்புக்கொண்டுள்ளன. யூட்டாவும் ஐடஹோவும் பேர் ஏரியிலும், டெக்சஸும் லூயிசியானாவும் டோலிடோ பெண்ட், கேடோ ஏரிகளிலும் இதே முறையைப் பின்பற்றுகின்றன.

படகில் இருந்தால் மட்டும் ஏற்பது இரண்டாம் வகை. அதை நான்காம் படியில் விரிவாகப் பார்ப்போம்.

அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் என்பது மூன்றாம் வகை. கனெக்டிகட் ஆற்றில் நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றுக்கொள்வது வெர்மான்டின் குடியிருப்போர் உரிமத்தைத்தான். பாஸ்டனில் இருந்து விடுமுறைக்குச் சென்று வெர்மான்டில் வெளிமாநிலத்தார் உரிமம் வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. நம்மவரில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் சொல் இந்தக் 'குடியிருப்போர்' என்பதுதான்.

கூடுதல் சீட்டு வாங்க வேண்டியது நான்காம் வகை. மிசௌரி, ஆர்கன்சா எல்லையில் புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க், டேபிள் ராக் என்ற மூன்று ஏரிகள் உள்ளன. தன் மாநிலத்தின் குடியிருப்போர் உரிமம் வைத்திருப்பவர் 'ஒயிட் ரிவர் எல்லை ஏரிகள் உரிமம்' என்ற சிறு கட்டணச் சீட்டையும் சேர்த்து வாங்கினால் எல்லை தாண்டி அங்கே பிடிக்கலாம். டாலஸ் வாழ் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான டெக்சோமா ஏரியில் டெக்சஸ் உரிமம் டெக்சஸ் பக்கத்துக்கு மட்டும், ஒக்லஹோமா உரிமம் ஒக்லஹோமா பக்கத்துக்கு மட்டும் செல்லும். ஏரியின் பெரும்பகுதி ஒக்லஹோமாவில் இருப்பதால், டெக்சஸ் உரிமத்தோடு படகில் போகிறவர் தம்மை அறியாமலே கோட்டைத் தாண்டிவிடுவார். இரு பக்கமும் பிடிக்க 'டெக்சோமா ஏரி உரிமம்' என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். படகில் போவதாக இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தமே இல்லாத எல்லை நீர்நிலைகளும் உண்டு. ஈரி ஏரியில் ஒஹாயோ உரிமத்தோடு மிச்சிகன் நீருக்குள் தூண்டில் போட முடியாது. மினசோட்டாவின் வடக்கே லேக் ஆஃப் தி வுட்ஸ், ரெய்னி ஏரி இரண்டிலும் கோட்டுக்கு அப்பால் கனடா. அங்கே ஒன்டாரியோ மாகாண உரிமம் தனியே வேண்டும். பழங்குடி அரசுகளின் ஒதுக்கீட்டு நிலங்களில் உள்ள நீர்நிலைகளிலும் மாநில உரிமம் போதாமல் போகலாம். அவர்களுடைய அனுமதியைத் தனியே பெற வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: நீர்த்துண்டின் ஓரங்களை வரைபடத்தில் குறியுங்கள்

நல்ல எண்ணத்தோடு போகிறவர்களும் தவறிவிடுகிற படி இது. ஒப்பந்தத்தில் 'மிசிசிப்பி ஆறு' என்று எழுதியிருந்தால் ஆற்றோடு தொடர்புடைய நீர் எல்லாம் அதில் அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

மினசோட்டா, விஸ்கான்சின் இடையே ஓடும் மிசிசிப்பியை எடுத்துக்கொள்வோம். செயின்ட் குரோய் ஆறு வந்து கலக்கும் பிரெஸ்காட்டில் இருந்து ஐயோவா எல்லை வரை, ஆற்றின் இரு மருங்கிலும் இரயில் பாதைகள் செல்கின்றன: விஸ்கான்சின் பக்கம் பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே நிறுவனத்தின் தண்டவாளம், மினசோட்டா பக்கம் முன்பு கனடியன் பசிபிக் என்றிருந்த நிறுவனத்தின் தண்டவாளம். இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட நீரே ஒப்பந்தத்துக்குள் வரும் எல்லை நீர். இங்கே ஆறு ஒரே ஓட்டமாக இல்லாமல் தீவுகளாகவும் கிளைகளாகவும் தேங்கிய பின்நீராகவும் பிரிந்து கிடப்பதால், பார்த்த மாத்திரத்தில் தெரியும் அடையாளம் ஒன்று தேவைப்பட்டது; தண்டவாளம் அதற்கு வாகாக அமைந்தது. ஒரு மதகின் வழியாகத் தண்டவாளத்துக்கு அடியில் நீர் புகுந்து, அப்பால் ஒரு குட்டையாகத் தேங்கியிருக்கும். அதே நீர், அதே மீன்தான். ஆனால் தண்டவாளத்தின் இந்தப் பக்கம் நின்று அந்தக் குட்டைக்குள் வீசிய மினசோட்டாக்காரர் விஸ்கான்சினின் உள்நாட்டு நீரில் உரிமமின்றிப் பிடித்தவராகிவிடுவார். இந்த அடையாளத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆற்றின் நடுவில் இருக்கும் கோட்டைத் தேடி அலையாமல், கரையில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை எல்லையாக்கியதால், சட்டத்தை மதிக்க நினைப்பவருக்கு வேலை எளிதாகிவிட்டது.

பாலங்களும் இவ்வாறே பயன்படுகின்றன. கென்டக்கிக்கும் டென்னசிக்கும் பொதுவான கென்டக்கி ஏரி மிக நீளமானது. ஒப்பந்தம் செல்லுபடியாவது வடக்கே எக்னர்ஸ் ஃபெரி பாலத்துக்கும் தெற்கே ஆளுநர் நெட் மெக்வெர்ட்டர் பாலத்துக்கும் இடையில் மட்டுமே. அதிலும் பிளட் ரிவர் என்ற விரிகுடாவை விலக்கிவைத்துள்ளார்கள். ஏரியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிச் செல்பவருக்கு ஒப்பந்தம் துணைக்கு வராது. கனெக்டிகட் ஆற்றிலோ துணையாறுகளுக்குள்ளும் முதல் நெடுஞ்சாலைப் பாலம் வரை சலுகை நீள்கிறது.

துணையாறுகளைப் பொறுத்தவரை, எதிராக எழுதியிருந்தாலொழிய அவை ஒப்பந்தத்துக்கு வெளியே என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. சவானா ஆற்று ஒப்பந்தம் துணையாறுகளை விலக்குகிறது. ஒஹாயோ மாநிலமும் கென்டக்கியும் ஒஹாயோ ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் ஒன்றன் உரிமத்தை மற்றொன்று ஏற்றாலும், கரையோர விரிகுடாக்களையும் வந்து சேரும் ஓடைகளையும் சேர்க்கவில்லை. ஓடை வந்து கலக்கும் முகத்துவாரத்தில்தான் இரை ஒதுங்கும், மீனும் கூடும், தூண்டில்காரரும் அங்கேயே போய் நிற்பார். ஒப்பந்தம் கைவிடும் இடமும் அதுதான்.

ஆகவே கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஒப்பந்தத்தில் சொன்ன பாலம், தண்டவாளம், முகத்துவாரம் ஒவ்வொன்றிலும் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் கிடைக்காத இடத்திலும் திறக்கும்படி அந்தப் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். கொலம்பியா ஆற்றில் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்த ஆறு எல்லாத் தூரத்துக்கும் எல்லையாக இருப்பதில்லை. மேலே போகப் போக எல்லைக்கோடு ஆற்றை விட்டு விலகி நேர்கிழக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் ஆறு முழுவதும் வாஷிங்டனுடையது, ஓரிகன் உரிமம் அங்கே செல்லாது.

நான்காம் படி: கரையா, படகா?

ஓரிகன், வாஷிங்டன் இரண்டும் கொலம்பியா ஆற்றின் முதன்மை ஓட்டத்தில், அது பொது எல்லையாக இருக்கும் தூரத்தில், படகில் இருந்து பிடிப்பவரிடம் எந்த மாநில உரிமம் இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. கரையில் நின்றால் கதை வேறு. எந்த மாநிலத்தின் கரையில் நிற்கிறீர்களோ அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். பென்சில்வேனியா, ஒஹாயோ எல்லையில் உள்ள பைமட்யூனிங் நீர்த்தேக்கத்திலும் இதே முறை.

இதன் காரணம் விளங்கினால் விதி மறக்காது. படகு நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் உள்ளவர் கணத்துக்குக் கணம் எந்த மாநில நீரில் இருக்கிறார் என்று காவலராலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது. கரையில் நிற்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் ஐயமே இல்லை. ஒப்பந்தம் ஐயத்தைத் தீர்க்கப் பிறந்தது; ஐயமில்லாத இடத்தில் மாநிலம் தன் உரிமக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நடைமுறையில் இது சிக்கும் இடம் ஒன்று உண்டு. போர்ட்லாந்தில் இருந்து ஓரிகன் உரிமத்தோடு படகில் கிளம்பியவர்கள் மதியம் சாப்பிட வாஷிங்டன் கரையில் ஒதுங்குவார்கள். சாப்பிடுவதற்குத் தடையில்லை. ஆனால் பொழுது போகட்டும் என்று அந்த மணலில் நின்றபடி யாராவது ஒருவர் தூண்டிலை வீசினால், அந்த நிமிடமே அவர் உரிமம் இல்லாதவர். இறங்கும்போது முள்ளைக் கழற்றித் தூண்டிலைப் படகிலேயே வைத்துவிடுவது நல்ல வழக்கம். ஆற்றில் இறங்கி இடுப்பளவு நீரில் நிற்பதும் கரையில் நிற்பதற்குச் சமம் என்றே கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உரிமம் யார் பெயரில், எந்தத் தகுதியில்?

குடியிருப்போர் கட்டணம் குறைவு, வெளிமாநிலத்தார் கட்டணம் பல மடங்கு. இந்த வேறுபாடு நியாயமா என்ற கேள்வி மொன்டானாவின் எல்க் மான் வேட்டை உரிமத்தை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 1978-ல் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பு அமைந்தது. எனவே நீங்கள் எந்த மாநிலத்தின் குடியிருப்பவர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மினசோட்டா 60 நாள் வசிப்பைக் கேட்கிறது, விஸ்கான்சின் 30 நாள், டெக்சஸ் ஆறு மாதம். வேலை மாறிப் புதிய மாநிலத்துக்கு வந்தவர்கள் இந்தக் காலம் முடியும் முன்பே குடியிருப்போர் உரிமத்தை வாங்கிவிட்டால், அது பொய்யான உறுதிமொழி கொடுத்ததாகும்.

விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். குழந்தைப் பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் நோக்கத்தோடு வந்த ஒன்றியச் சட்டம், பொழுதுபோக்கு உரிமங்களுக்கும் அந்த எண்ணைப் பதிவு செய்யச் சொல்கிறது, அதனால்தான் கேட்கிறார்கள். எண் இல்லாத சார்பு விசாக்காரர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் தம்மிடம் எண் இல்லை என்று தெரிவித்துக் கடவுச்சீட்டு போன்ற அடையாளத்தைக் காட்டி வாங்க வழி உண்டு. இணையப் பக்கம் அவர்களை ஏற்காமல் திருப்பினால், உரிமம் விற்கும் கடைக்கு நேரில் போவது எளிது.

பெற்றோரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தூண்டிலைச் சும்மா பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார் என்ற விளக்கம் காவலரிடம் எடுபடாது. முள் நீரில் இருக்கும் தூண்டிலைக் கையில் வைத்திருப்பவர் மீன்பிடிப்பவரே. அவருக்குக் குறுகிய கால உரிமம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மினசோட்டாவில் 24 மணி, 72 மணி, 7 நாள் என்று கிடைக்கும். ஊரில் குளத்தங்கரையிலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் தரும் மகிழ்ச்சிக்கு முன் அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

குழந்தைகளின் வயது வரம்பும் கரைக்குக் கரை மாறும். வாஷிங்டனில் 15 வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம். ஓரிகனில் 12 வயது ஆனாலே வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் இருந்து வரும் 13 வயதுப் பிள்ளை ஓரிகன் கரையில் நின்று வீச, ஓரிகனின் இளையோர் உரிமம் அவசியம். மினசோட்டாவும் விஸ்கான்சினும் 16 என்ற ஒரே வயதை வைத்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஆறாம் படி: எந்த மாநிலத்தில் வாங்குவது, எந்த நாள் வரை செல்லும்?

பொதுவாக நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் உரிமமே மலிவு. மூன்றாவது மாநிலத்திலிருந்து வருபவர், அதாவது சிகாகோவில் இருந்து மினசோட்டா, விஸ்கான்சின் இடையே ஓடும் மிசிசிப்பி ஆற்றுக்குச் செல்பவர், எல்லை ஆற்றை விட்டு விலகி அருகில் உள்ள உள்நாட்டு ஏரிகளிலும் பிடிக்க நினைக்கிறாரா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆற்றில் எது இருந்தாலும் சரி என்றிருக்கும்போது, உள்நாட்டு ஏரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து உரிமமே பயன்.

இங்கே ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. 1950-ல் இயற்றப்பட்ட டிங்கல்-ஜான்சன் சட்டத்தின்படி, மீன்பிடிக் கருவிகள் மீது வசூலாகும் ஒன்றிய வரிப்பணம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அதில் 60% உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் 40% மாநிலத்தின் பரப்பளவையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் எங்கே உரிமம் வாங்குகிறீர்களோ அந்த மாநிலத்தின் மீன்குஞ்சுப் பண்ணைக்கும் படகுத்துறைக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்கிறது. பரஸ்பர ஒப்பந்தத்தில் மாநிலங்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்கு இதுவே பெரிய காரணம். நீங்கள் அடிக்கடி போய்வரும் ஆறு எந்த மாநிலத்தின் பராமரிப்பில் இருக்கிறதோ, அங்கே உரிமம் வாங்குவதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

உரிம ஆண்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மினசோட்டாவில் மார்ச் 1 முதல் அடுத்த பிப்ரவரி இறுதி வரை. விஸ்கான்சினில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. டெக்சஸில் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. பனி விலகி மீன் கடிக்கத் தொடங்கும் மார்ச் மாதத்தில் மினசோட்டாவின் பழைய உரிமம் காலாவதியாகியிருக்கும், பக்கத்துப் படகில் இருக்கும் விஸ்கான்சின் நண்பரின் உரிமமோ செல்லும். உரிமத்தோடு கூடுதல் அட்டைகளும் வேண்டுமா என்று பாருங்கள்: சால்மன், ஸ்டீல்ஹெட், ஸ்டர்ஜன் மீன்களுக்கு ஓரிகன் ஒரு தனிச்சீட்டையும் வாஷிங்டன் ஒரு பிடிப்பதிவு அட்டையையும் கட்டாயமாக்கியுள்ளன. மீன் கைக்கு வந்ததும் அதில் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து பதிவது செல்லாது.

ஏழாம் படி: யாருடைய விதி?

உரிமம் உங்கள் மாநிலத்துடையதாக இருக்கலாம். விதி நீங்கள் தூண்டில் போடும் நீருக்கு உரிய மாநிலத்துடையது. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தத் தொல்லையை நீக்க, சில மாநிலங்கள் எல்லை நீருக்கென்று பொது விதியே வகுத்துவிட்டன. மினசோட்டா, விஸ்கான்சின் இடையே ஓடும் மிசிசிப்பியில் வால்ஐ மீனை ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் அதற்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். வால்ஐ, சாகர் என்ற இரண்டு இன மீன்களும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 என்றிருந்த வரம்பை 2020 மார்ச் முதல் 4 ஆகக் குறைத்தார்கள். அதில் 20 அங்குலத்துக்கு மேற்பட்ட வால்ஐ ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். தூண்டில் எண்ணிக்கையிலும் பொது அளவு உண்டு. மினசோட்டாவின் உள்நாட்டு நீரில் கோடையில் ஆளுக்கு ஒரு தூண்டில், விஸ்கான்சினில் மூன்று, எல்லை ஆற்றில் இரண்டு. விஸ்கான்சின் ஏரியில் மூன்று தூண்டில் போட்டுப் பழகியவர் ஆற்றுக்கு வந்தும் அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வார்.

டோலிடோ பெண்டிலும் இதே போக்கு. பாஸ் மீனுக்கு டெக்சஸின் பொது வரம்பு 5, லூயிசியானாவினது 10. இருவருக்கும் பொதுவான இந்த ஏரிக்கு இடைப்பட்ட 8 என்ற எண்ணை வைத்தார்கள்.

பொது விதி இல்லாத இடத்தில் இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றிவிடுங்கள். அளவு குறைந்த மீன் என்றால் இரு பக்க விதியையும் பார்த்துப் பெரிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு மாநிலத்திலும் உரிமம் வைத்திருக்கிறேன், எனவே இரண்டு வரம்பையும் சேர்த்துப் பிடிப்பேன் என்று வாதிட இடமே இல்லை. எல்லை நீரில் ஆளுக்கு ஒரு வரம்புதான்.

எட்டாம் படி: மீனோடு வீடு திரும்புதல்

ஆற்றங்கரையிலேயே மீனைச் செதில் சீவி, ஆய்ந்து, துண்டு போட்டு எடுத்துவருவது நம் வழக்கம். அதை இங்கே விட்டுவிட வேண்டும். துண்டாக்கிய மீனின் நீளத்தை அளக்க முடியாது, இனத்தையும் அறிய முடியாது. ஆகவே அளவு வரம்பு உள்ள நீரில் வெட்டுவதைப் பல மாநிலங்கள் தடை செய்துள்ளன. மினசோட்டாவில் வெட்டிய துண்டைக் கொண்டுசெல்லும்போது, இனத்தை அடையாளம் காணும்படி ஓர் அங்குலச் சதுரத் தோலைச் செதிலோடு விட்டுவைக்கச் சொல்கிறார்கள். முழு மீனாகப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஆய்வதே நிம்மதி. பெட்டியில் இருக்கும் மீன் யார் யார் பிடித்தது என்பதையும் தனித்தனிப் பையில் பிரித்து வையுங்கள்.

விதியை மீறிப் பிடித்த மீனை மாநில எல்லை கடந்து கொண்டுசென்றால், 1900-ல் பிறந்த லேசி சட்டத்தின் கீழ் அது ஒன்றியக் குற்றமாகவும் மாறக்கூடும். எல்லை ஆற்றில் எல்லை கடப்பது ஐந்து நிமிட வேலை என்பதால் இதை மறக்கக் கூடாது.

இரை மீனையும் படகையும் பற்றி: உயிருள்ள இரை மீன்களை வெளியிலிருந்து மினசோட்டாவுக்குள் கொண்டுவரப் பொதுவாகத் தடை உள்ளது. அந்தப் பக்கக் கடையில் வாங்கி மீந்துபோன இரையை வாளியோடு வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், ஆற்றிலும் கொட்டாதீர்கள், குப்பையில் போடுங்கள். படகை ஏற்றியதும் அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றி நீரை முழுவதும் வடித்து, ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் துடைத்துவிட்டே சாலையில் ஏறுங்கள்.

ஒன்பதாம் படி: காவலர் வந்தால்

உரிமத்தைத் தாளிலோ கைபேசியிலோ எப்போதும் உடன் வைத்திருங்கள். எல்லை நீரில் எந்த மாநிலக் காவலரும் வரலாம். கேட்டதும் உரிமம், அடையாள அட்டை, மீன் பெட்டி மூன்றையும் காட்டுங்கள். ஒப்பந்தத்தின் விதி அச்சிட்ட பக்கத்தைக் கைபேசியில் படமாக வைத்திருந்தால், எந்த நம்பிக்கையில் அங்கே தூண்டில் போட்டீர்கள் என்பதை அமைதியாக விளக்கலாம். ஒப்பந்தம் பற்றி ஐயம் இருந்தால், புறப்படும் முன் இரு மாநிலங்களின் இயற்கை வளத் துறைக்கும் தொலைபேசியில் பேசிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் ஒரு பக்க விடைதான் கிடைக்கும்.

அபராதச் சீட்டு கிடைத்துவிட்டால், வெளிமாநிலம்தானே என்று அதை அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். கொலராடோ, நெவாடா, ஓரிகன் மூன்றும் 1989-ல் தொடங்கிய வனவிலங்கு விதி மீறுவோர் கூட்டொப்பந்தத்தில் இன்று பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு மாநிலம் உங்கள் உரிமத்தை முடக்கினால், உறுப்பு மாநிலங்கள் மற்றவையும் அதை மதித்து முடக்கலாம். சீட்டில் குறித்த நாளுக்குள் அபராதத்தைக் கட்டுங்கள், அல்லது மறுத்து வாதிட விரும்பினால் அதே நாளுக்குள் நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். கட்டிய ரசீதையும் எழுதிய கடிதத்தின் நகலையும் அடுத்த ஆண்டு உரிமம் வாங்கும்வரையாவது பத்திரப்படுத்தி வையுங்கள்.